சுவருக்குக் காது வைக்க முதலாளிக்கு அதிகாரம் உண்டா?

வேலை செய்யும் இடத்தில் காமிரா வைப்பது சர்வசாதாரணமாகிவிட்டது. ஜவுளிக்கடை, பாங்கு, பட்டறை, காரியாலயம் எங்கு சென்றாலும் கண்ணாடிக் கண்ணொன்று மேலிருந்து நோக்கிக்கொண்டே இருக்கிறது. இதை ஆட்சேபிப்போர் வெகு சிலரே. ஆனால் அப்பெட்டிகளுள் பலவற்றில் கண்ணோடு காதும் அமைந்திருக்கிறதென்பதையும், கண்ணுக்கும் காதுக்கும் சட்டத்தில் பெருத்த பேதமுண்டு என்பதையும் நம்மவரில் பலர் உணரவில்லை. அந்தப் பேதத்தையே இன்று விசாரிக்கப் புகுகின்றோம்.

ஸ்பெயின் தேசத்து அரசியல் சட்ட நீதிமன்றம் 2000-ம் வருஷத்தில் மூன்று மாத இடைவெளியில் அளித்த இரு தீர்ப்புகள் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கவை. கலீஸியா மாகாணத்தில் லா தோஹா என்னுமிடத்துச் சூதாட்ட மாளிகையார், முன்னரே இருந்த காமிராக்கள் போதாவென்று, பணம் மாற்றும் மேஜையிலும் ரூலெட் மேஜையிலும் மைக்குகளைப் பொருத்தினார்கள். பந்தோபஸ்துக்காகவே செய்தோம் என்றார்கள். மாகாணக் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. உச்சியிலிருந்த நீதிமன்றமோ ஒப்பவில்லை. முதலாளிக்குப் பிரயோஜனமாயிருக்கிறது என்பது மட்டும் போதிய நியாயமாகாது; தொழிலாளியும் வாடிக்கைக்காரரும் தமக்குள் பேசிக்கொள்ளும் சொந்தப் பேச்சையெல்லாம் வகைதொகையின்றி வாரிக்கொள்ளும் கருவி அந்தரங்க உரிமையைப் பாதிக்கிறது என்று ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் ஜூலையில், பண்டகசாலை ஒன்றில் கல்லாப் பெட்டியைத் திருடுகிறார்களென்ற சந்தேகத்தின்பேரில் மறைவாக வைத்த காமிராவை அனுமதித்தது. சந்தேகத்துக்குக் காரணமுண்டு, காமிரா கல்லாவை மட்டுமே நோக்கியது, நீடித்ததும் சில காலமே என்பவை அங்கே எடுபட்டன.

காமிரா விஷயத்திலும் தகராறு தீர்ந்தபாடில்லை. 2009-ல் பார்ஸலோனாவுக்கு அருகிலுள்ள மளிகைக்கடை ஒன்றில், வாயில்களில் வெளிப்படையாகவும் கல்லாக்களில் ரகசியமாகவும் காமிராக்கள் வைத்துப் பத்து நாள் வேவு பார்த்தார்கள். 14 பேர் வேலையிழந்தனர். ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 2018 ஜனவரியில் தொழிலாளருக்குச் சாதகமாகவும், மறுவிசாரணையில் 2019 அக்டோபர் 17-ந் தேதி 14-க்கு 3 என்ற கணக்கில் பாதகமாகவும் தீர்மானித்தது. அற்பச் சந்தேகத்துக்காக ரகசியக் காமிரா வைக்கலாகாது என்று பெரும்பான்மையோரும் எச்சரித்திருக்கிறார்கள். எனினும் நமது அநுதாபம் சிறுபான்மை மூவரின் பக்கமே. முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டுமென்று அத்தேசத்துச் சட்டமே விதித்திருக்க, அதை மீறியவனுக்கு அம்மீறுதலால் கிடைத்த சாட்சியம் பயன்படுவானேன்?

இனி நமது தேசத்தின் நிலைமைக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அது ஸர்க்காரைக் கட்டுப்படுத்தும். தனிப்பட்ட முதலாளியைக் கட்டுப்படுத்துமா? 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள், 19, 21-வது ஷரத்துக்களின் உரிமைகளை ஸர்க்காரல்லாதார்மீதும் நிலைநாட்டலாம் என்றனர். வழி திறந்திருக்கிறது, அவ்வழியே சென்று மைக்கை எடுக்கச் சொல்லத் தொழிலாளிக்குப் பணமும் காலமும் வேண்டுமே!

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரது மறைவிடங்களைச் சம்மதமின்றிப் படம் பிடிப்பவனுக்கு மூன்று வருஷம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கிறது. உடை மாற்றும் அறைக்கு இதனால் காவல் உண்டு, பேச்சுக்கோ இல்லை. 2023-ம் வருஷத்து டிஜிட்டல் அந்தரங்கத் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் காக்குமென்று நம்பியவர்கள் அதன் 7-வது பிரிவைப் படிக்கவேண்டும். வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்தினின்றும் பொறுப்பினின்றும் காப்பதற்கும், தொழிலாளியின் சம்மதமின்றியே அவன் தகவலை உபயோகிக்கலாமாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் பிரசுரமானபோது, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே அமுலுக்கு வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. கதவைச் செய்தவர்களே திறவுகோலை முதலாளி கையில் கொடுத்துவிட்டார்கள்!

சம்மதம் பெற்றே மைக் வைத்தோம் என்போரும் உளர். சம்பளச் சீட்டை நம்பிக் குடும்பம் நடத்துபவன் நியமன உத்தரவின் பதினேழாம் பக்கத்தில் இட்ட கையெழுத்தை எந்த நியாயவாதி சம்மதமென்று ஒப்புவான்? திருட்டைப் பிடிக்கக் கண் போதும். காது எதற்கு? கூலி குறைவென்று ஒருவன் முணுமுணுப்பதையும், சங்கம் சேரலாமென்று மற்றவன் பதில் சொல்வதையும் அறிவதற்கே அது பெரிதும் உதவும். சங்கம் அமைக்கும் உரிமையை 19-வது ஷரத்து அளித்திருக்கிறது. அதைப்பற்றிப் பேசவே அஞ்சுமிடத்தில் அந்த ஷரத்து ஏட்டுச் சுரைக்காய்.

தொழிற்சங்க நண்பர்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. கட்டுப்பாட்டு விதிகளைப் புதிதாகப் புகுத்துவதானாலும் வழக்கத்தை மாற்றுவதானாலும் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டுமென்று 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9-ஏ பிரிவு விதித்திருந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அதன் இடத்தில் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் 40-வது பிரிவாக அது நிலைத்திருக்கிறது. மைக் வைப்பதும் இத்தகைய மாறுதலே என்பது நமது வாதம். ஆதலின் காமிரா வைத்த ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் சங்கங்கள் எழுத்துமூலம் நான்கு கேள்விகள் விடுக்கட்டும்: ஒலியும் பதிவாகிறதா, எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், கேட்பவர் யார், முன்னறிவிப்பு எங்கே?