எட்டாம் மாதம் எமனல்ல!

"ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்ற பேச்சு இன்னும் நம் தெருக்களிலே உலவுகிறது. பாட்டி சொன்னாள், பக்கத்து வீட்டார் ஆமோதித்தார், பஞ்சாங்கக்காரர் தலையசைத்தார். ஏன் தங்காது என்று கேட்டவர்தான் எவருமில்லை!

இது நம் நாட்டில் மட்டும் பிறந்த நம்பிக்கையுமன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே கிரேக்க நாட்டில், இப்போகிரதர் பெயரால் வழங்கும் மருத்துவ ஏடுகளிலேயே இது இடம் பிடித்திருந்தது. பழையது என்பதாலேயே பொய் மெய்யாகிவிடுமா? கருவிலே ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது, மூளை வளர்கிறது, உடலில் கொழுப்புச் சேர்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கு ஏழு மாதக் குழந்தையைவிட வலு அதிகம் என்பதே மெய். ஏழில் பிழைப்பது எட்டில் சாகும் என்பது, ஏழு ரூபாய் வைத்திருப்பவன் எட்டு ரூபாய் வைத்திருப்பவனைவிடச் செல்வன் என்பதற்கு ஒப்பாகும்.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, 37 வாரம் நிறையுமுன்னே பிறக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் மட்டும் அத்தகைய குழந்தைகள் சுமார் 30 லட்சம். அவர்களிலே ஒரு பகுதியினர் தாமாக முந்தி வருபவரல்லர். டாக்டர்கள் நாள் குறித்து எடுக்கும் குழந்தைகள். தாய்க்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, தலை பிளக்கிறது, கண் மங்குகிறது, முகமும் கையும் வீங்குகின்றன, சிறுநீரில் புரதம் இறங்குகிறது. இன்னும் தாமதித்தால் வலிப்பு வரும், தாயும் போவாள், பிள்ளையும் போகும். இந்த நோய்க்கு மாத்திரையால் அணை போடலாம். முற்றாகத் தீர்க்கும் வழி பிரசவம் ஒன்றே. அப்போதுதான் டாக்டர் சொல்கிறார்: "குழந்தையை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டிலே என்ன நடக்கிறது? "எட்டாம் மாதமாயிற்றே! ஒன்பது பிறக்கட்டும்" என்று ஒருவர். "நல்ல நட்சத்திரம் பார்த்துச் சொல்கிறோம்" என்று இன்னொருவர். "காசு பிடுங்கும் வித்தை" என்று மூன்றாமவர். இத்தனைக்கும் நடுவே, கணவன் தூணிலே சாய்ந்து நிற்கிறான். தோழர்களே! அந்தத் தூணைவிட்டு விலகி வாருங்கள் என்று அழைக்கவே இதை எழுதுகிறோம்.

1963 ஆகஸ்டு 7. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஆண் மகவு பிறந்தது. ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த குழந்தை. எடை 2 கிலோ 100 கிராம் அளவு. செல்வம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, பாஸ்டன் நகரத்துப் பெரிய மருத்துவர்கள் இருந்தனர். எனினும் 39 மணி நேரத்தில் அந்தச் சிசு மூச்சுத் திணறி மாண்டது. "பார்த்தீர்களா, எட்டு மாதப் பிள்ளை!" என்பார் உண்டு. மாதம் கொல்லவில்லை, ஐயா! நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருளொன்று அந்தக் குழந்தையிடம் போதிய அளவு ஊறியிருக்கவில்லை. அந்தக் குறைதான் காரணம் என்பதை 1959இலேயே மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் எடுத்துக் காட்டிவிட்டார். குறை தெரிந்தது, மருந்துதான் அன்று இல்லை.

மருந்துக்கு வழி பிறந்தது ஆட்டுக்குட்டியிடம்! நியூசிலாந்து நாட்டு மருத்துவர் லிக்கின்ஸ், சினை ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருவகை ஊசி மருந்து பெற்று, காலத்துக்கு மிக முந்திப் பிறந்த குட்டி, செத்துக் கிடக்க வேண்டியது, மூச்சு விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, ஹோவி என்ற மருத்துவரோடு சேர்ந்து, கருவுற்ற தாய்மாருக்கு அம்மருந்தைக் கொடுத்து ஆய்ந்தார். 1972இல் முடிவை வெளியிட்டார். தாய்க்குப் போட்ட ஊசி, கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்தது. ஜனாதிபதி மகனுக்கு அன்று எட்டாத அந்த ஊசி, இன்று விலை மலிந்த மருந்து. அரசு ஆஸ்பத்திரியிலே கைவண்டி இழுப்பவன் மனைவிக்கும் கிடைக்கிறது.

ஆனால் அந்த ஊசிக்கு நேரம் வேண்டும். டெக்சாமெதசோன் என்றால் 12 மணிக்கு ஒன்றாக நான்கு. பீட்டாமெதசோன் என்றால் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு. அதன் முழுப் பயன் முதல் ஊசி போட்டு ஒரு நாள் கழிந்த பின்னரே தெரியத் தொடங்கும். ஆகவே, நாள் குறித்த பிரசவத்தில் அந்த இரண்டு நாட்கள் பொன்னினும் பெரியவை. நட்சத்திரம் பார்ப்பதில் அவற்றைக் கரைப்பவன், தன் பிள்ளையின் மூச்சைக் கரைக்கிறான்!

அந்த நாட்களிலே தொழிலாளத் தோழன் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, இடம். வளைகாப்பு முடிந்தது, தாய்வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று, இன்குபேட்டரும் மூச்சுக் கருவியும் இல்லாத ஊரிலே மனைவியை விட்டு வைக்காதீர்கள். பிறந்தபின் பிள்ளையை வண்டியிலே தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, பிறக்குமுன் தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பாதுகாப்பு. தாயின் வயிற்றைவிட நல்ல வண்டி இன்னும் செய்யப்படவில்லை. 108ஐ அழையுங்கள். ஸ்கேன் சீட்டுகளும் பிக்மி எண்ணும் பையிலே இருக்கட்டும்.

இரண்டாவது, கேள்வி. கைகட்டி நிற்க வேண்டாம். பணிவோடு, துணிவோடு கேளுங்கள். "எத்தனையாவது வாரம்? நுரையீரல் ஊசி போட்டாயிற்றா? 32 வாரத்துக்கு உட்பட்டது என்றால், மூளையைக் காக்கும் மக்னீசியம் ஊசி உண்டா? குழந்தைக்குப் படுக்கை இங்கே இருக்கிறதா?" கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, ரத்தமும் ரூபாயும். ஒத்த பிரிவுக் குருதி தரும் நண்பர் இருவரின் பெயரைக் குறித்துவையுங்கள். கந்துவட்டிக்காரன் வாசலுக்கு ஓடுமுன் ஒன்றை அறியுங்கள்: 2011இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், நோயுற்ற சிசுவின் சிகிச்சை யாவும் இலவசம்.

நான்காவது, பால். சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பது, கழுதைப்பால் ஊற்றுவது என்று எவர் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள். குறைமாதக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. தாயின் சீம்பால், துளித்துளியாகப் பீய்ச்சி எடுத்தாலும், அதுவே உணவு, அதுவே மருந்து.

ஐந்தாவது, உங்கள் மார்பு! தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலே, இன்குபேட்டர்கள் போதாத ஏழைகள் ஆஸ்பத்திரியில், 1970களின் இறுதியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல், தாயின் வெற்று மார்போடு சிசுவை அணைத்துக் கட்டினார். ஏழைகளின் மாற்றுவழி என்று ஏளனம் செய்யத்தக்கதா அது? இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. 1 கிலோ முதல் 1 கிலோ 800 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே அப்படி அணைத்தபோது, சாவு கால் பங்கு குறைந்தது. தாய் அறுவைப் படுக்கையில் கிடக்கும்போது தந்தையும் அணைக்கலாம். மூட்டை சுமந்து, இயந்திரம் சுழற்றி உரமேறிய மார்பு, ஒன்றரைக் கிலோச் சிசுவுக்குக் கதகதப்பு தரட்டும். ஆண்பிள்ளைக்கு அழகா என்று கேட்பவன் கேட்கட்டும்!

வீடு திரும்பிய பின்னும் ஒரு கடமை உண்டு. பிறந்து 30 நாளுக்குள் குழந்தையின் கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள். விழித்திரையில் வரும் கோளாறு வெளியே தெரியாது. விட்டுவிட்டால் பார்வையைப் பறித்துவிடும்.

இத்தனையும் செய்தால் எல்லாக் குழந்தையும் பிழைத்துவிடுமா? இல்லை. அப்படி உறுதி சொல்வது ஏமாற்று. மிக முந்தி வருபவர்களிலே சிலரை எந்த ஊசியும் காக்க முடிவதில்லை. அந்த வீட்டிலே, "எட்டாம் மாதம் பெற்றாள், ராசி கெட்டவள்" என்று தாயைத் தூற்றும் நாக்கை அடக்குவதும் நம் வேலையே. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பழியும் சேர்த்துக் கொடுப்பது கொடுமையினும் கொடுமை.

உங்கள் தெருவிலே, உங்கள் ஆலையிலே, ஒரு தோழனுக்கு இப்படி நாள் குறித்திருக்கலாம். விடுப்புக் கிடைக்காமல் அவன் தவிக்கலாம். அவன் ஷிப்டை நீங்கள் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு உங்கள் வீட்டிலே சோறு போடுங்கள். குருதி கொடுக்கக் கையை நீட்டுங்கள். எட்டாம் மாதத்துக்கு அஞ்சி அவன் வீட்டார் தயங்கினால், உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். தாயை ஆஸ்பத்திரிக்கு இன்றே அனுப்பிவையுங்கள்!