பெயரில்லாத ஐந்து மாத்திரை

“அண்ணாச்சி, மேலெல்லாம் வலிக்கி, காய்ச்சலும் கெடக்கு. ரெண்டு நேரத்துக்கு மாத்திர குடுங்க.”

“பெரியாளுக்கா, பிள்ளைக்கா?”

தச்சநல்லூரில் மட்டுமல்ல, தாமிரபரணிக் கரையின் பல ஊர் மெடிக்கல்களில் இந்த இரண்டு வரியோடு நோயைக் கண்டறிந்தாகிவிடும். அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள் சின்னக் காகித உறைக்குள் விழும். பாரசிட்டமால் ஒன்று, டைக்ளோஃபெனாக் ஒன்று, சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. கடைக்காரர் கை தாராளமென்றால் சிப்ரோஃப்ளாக்சசினோ அசித்ரோமைசினோ ஒன்று. இதுதான் ‘செட்டு’.

வலி மாத்திரையையும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துச் சாப்பிடலாமா? பெரும்பாலும் சாப்பிடலாம். பல் பிடுங்கிய பிறகு அமாக்சிசிலினும் ஐபுபுரூஃபெனும் சேர்த்து எழுதித் தருவது சாதாரணம். அமாக்சிசிலினுக்கும் பாரசிட்டமாலுக்கும் சண்டையே கிடையாது. எந்த வலி மாத்திரை, எந்த ஆன்டிபயாட்டிக், யாருடைய உடம்பு என்பதில்தான் சிக்கல். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசெக்ளோஃபெனாக் போன்றவை வேறு குடும்பம். அவை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தை நெருக்கும், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

1980-களில் ஜப்பானில் ஒரு விநோதம் தெரியவந்தது. எனாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு ஃபென்புஃபென் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது. மூளை நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்காமல் பிரேக் பிடிப்பது காபா என்ற வேதிப்பொருள். எனாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் அந்த பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தும். சில வலி மாத்திரைகள் கூடச் சேர்ந்தால் இன்னும் தளரும். டைக்ளோஃபெனாக்கிலும் ஐபுபுரூஃபெனிலும் இந்தக் குணம் மிகக் குறைவு, ஆபத்தும் அரிது. ஆனாலும் ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களும் சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களும் இந்த ஜோடியை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் பாரசிட்டமாலே போதும்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. அதை யாரும் கவனிப்பதில்லை. டைக்ளோஃபெனாக் போட்டதும் நெஞ்சு எரிகிறது. உடனே ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் இரண்டு மூடி. அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் குடலில் சிப்ரோஃப்ளாக்சசினையும் டாக்சிசைக்ளினையும் கட்டிப்போட்டுவிடும். ரத்தத்தில் சேரவேண்டிய மருந்தில் பெரும்பகுதி கழிவோடு போகும். பாலின் கால்சியமும் இதே வேலையைச் செய்யும். ‘சூடு தணிய’ மாத்திரையைப் பாலோடு விழுங்கும் பழக்கம் இங்கே நிறைய. சிப்ரோவை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ போடவேண்டும். பான்டோபிரசோல் வகை மாத்திரை இப்படிக் கட்டிப்போடுவதில்லை. டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்குவதும் முக்கியம். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

டாக்சிசைக்ளின் நெல் வயலில் இறங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய மருந்து. எலிக்காய்ச்சலுக்குக் கொடுப்பது அதைத்தான். எலிக்காய்ச்சலோ சிறுநீரகத்தைத் தேடிப்போகும் நோய். வெயிலில் நின்று உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக் தடுப்பது அதையேதான். கூடவே ஜென்டாமைசின், அமிகாசின் ஊசியும் ஏறினால் அடி இரட்டிப்பாகும். மேல்வலி தாங்கவில்லை என்று வந்தவருக்கு மறுநாள் சிறுநீர் குறைந்தால் அதைச் சூடு என்று விட்டுவிடக்கூடாது.

டெங்குவில் இந்தப் பொட்டலம் இரண்டு வகையில் தப்பு. 2012-ல், அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த கடையநல்லூரில் டெங்கு பரவியது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு தமிழகம் முழுக்க 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. டெங்கு வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தக்கசிவைத் தூண்டும். போதாததற்கு, காய்ச்சலை இறக்கியது பாரசிட்டமால், பெயர் வாங்குவது ஆன்டிபயாட்டிக்! அடுத்த காய்ச்சலுக்கும் அதே செட்டு கேட்கிறோம். உண்மையிலேயே பாக்டீரியா காய்ச்சலாக இருந்தாலோ, சூடு இறங்கியதும் மூன்றாம் நாளே மருந்தை நிறுத்திவிடுகிறோம்.

பாரசிட்டமாலுக்கு நல்ல பெயர் இருப்பதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 650 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை: 1,950. மூட்டு வலிக்கு அசெக்ளோஃபெனாக்கோடு 325 சேர்ந்த கூட்டு மாத்திரை இரண்டு: 650. 500 கலந்த சளி மாத்திரை மூன்று: 1,500. மொத்தம் 4,100. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000தான். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் அதைவிடக் குறைவு. காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் எடுப்பவர்களின் கல்லீரல் ஏற்கெனவே சுமையில் இருக்கிறது. அவர்கள் சிகிச்சை தரும் டாக்டரிடம் அளவைக் கேட்டே பாரசிட்டமால் போடவேண்டும். கண் மஞ்சளானால், சாப்பாடு வெறுத்துக் குமட்டினால், அன்றே ஆஸ்பத்திரி.

செட்டில் எனக்குள்ள பெரிய கோபம் வேறு. நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “என்ன மாத்திரை போட்டீங்க?” வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்பதற்கு மேல் நோயாளிக்குப் பதில் தெரியாது. கத்தரித்த துண்டில் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. டைக்ளோஃபெனாக்கும் ஆன்டிபயாட்டிக்குகளும் சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. எழுதிய டாக்டர், வாங்கிய நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சீட்டோடு போய் பில் கேட்டால் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி எல்லாம் அச்சாகி வரும். அந்த பில்லைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஓடும் சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை அட்டைகளையும் சேர்த்து.