மகிழுந்து புளோவர் பழுதுகள்

காருக்குள் காற்றைத் தள்ளும் மின்விசிறி புளோவர் எனப்படுகிறது. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார்களில் இது பெரும்பாலும் இடப்பக்க டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டாரும் அதன் தண்டில் பொருத்திய உருளை வடிவ விசிறியும் இதன் முக்கியப் பகுதிகள். இது நின்றுவிட்டால் புழுக்கம் மட்டும் தொல்லையன்று. மழையில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரத்தை அகற்ற வழியில்லாமல் சாலையே மறைந்துவிடும்.

பழுதைக் கண்டறிதல்

விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்பதே முதல் தடயம். குமிழைத் திருகி வேகம் மாற்றும் கார்களில், குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகச் செல்கிறது. உச்ச வேகத்தில் மட்டும் அது ரெசிஸ்டரைத் தவிர்த்து மோட்டாரை அடைகிறது. எனவே உச்ச வேகத்தில் மட்டும் விசிறி ஓடினால், ரெசிஸ்டர் எரிந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. தானியங்கி ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கும்.

எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே மாற்றாகப் போட வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரிய பியூஸ் போட்டால், பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். பியூஸ் நன்றாக இருந்தால், மோட்டாரின் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். இரு முனைகளுக்கும் இடையே 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுழலாவிட்டால் பழுது மோட்டாரில்தான். மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அந்த ஓட்டம் நெடுநாள் நீடிக்காது.

‘டக் டக்’ என்ற ஓசைக்கு விசிறியில் சிக்கிய இலைச்சருகும், கீச்சிடும் ஓசைக்குத் தேய்ந்த பேரிங்கும் பொதுவான காரணங்கள். விசிறி இரைந்தும் காற்று குறைவாக வந்தால் கேபின் பில்டர் அடைத்திருக்கும்.

மீண்டும் மீண்டும் எரியும் ரெசிஸ்டர்

புதிய ரெசிஸ்டர் போட்ட சில வாரங்களிலேயே எரிந்துபோவதுண்டு. பொருள் போலி என்று கடைக்காரரைக் குறைகூறும் முன் வேறு இரண்டைக் கவனிக்க வேண்டும். ரெசிஸ்டரின் சூட்டைத் தணிப்பது புளோவர் தள்ளும் காற்றுதான். பில்டர் அடைத்தால் அந்தக் காற்று குறையும். பேரிங் இறுகினாலோ மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றுவது வீண்செலவு. உருகிய பிளாஸ்டிக் இணைப்பையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

தடுப்பு

கேபின் பில்டரைக் கையேடு கூறும் இடைவெளியில் மாற்றலாம். புழுதிச் சாலைகளில் ஓடும் காருக்கு அதற்கும் முன்பே தேவைப்படும். பில்டரே இல்லாத சிறிய கார்களும் உண்டு. அவற்றில் தூசி நேராக விசிறியில் படிவதால், புழுதியில் உட்காற்றுச் சுழற்சி முறையைப் பயன்படுத்துவது நல்லது. மரத்தடியில் நிறுத்தும் காரில் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடையில் சருகு சேரும். அது வடிகாலை அடைத்தால் மழைநீர் புளோவருக்குள் இறங்கும். வெள்ளத்தில் நின்ற காரில் புளோவரைக் கழற்றிச் சோதிக்கும்வரை அதை இயக்கக் கூடாது.