வீட்டில் வாயாடி, பள்ளியில் மௌனம்: ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்றால் என்ன?

வீட்டில் வாய் ஓயாது. தாத்தாவிடம் கதை, தம்பியோடு சண்டை, குளிக்கும்போது பாட்டு. அதே குழந்தை பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்.கே.ஜி சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் மிஸ் அவள் குரலைக் கேட்டதே இல்லை. ‘உங்க பொண்ணு பேசவே மாட்டேங்குறா’ என்கிறார் மிஸ். ‘இவளா? வீட்ல வாய மூடவே மாட்டாளே!’ என்று திகைக்கிறார் அம்மா.

இருவர் சொல்வதும் உண்மைதான். குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட ஆட்கள் முன்னால் மட்டும் பேச்சு வராமல் போகும் இந்தப் பதற்றக் கோளாறுக்குப் பெயர்தான் ‘செலக்டிவ் மியூட்டிசம்’. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். பள்ளியில் சேர்த்த பிறகுதான் வெளியே தெரியும். பள்ளியின் முதல் மாதத்தில் பல குழந்தைகள் பேசாமல்தான் இருப்பார்கள். அதன் பிறகும் மௌனம் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். ‘இங்கிலீஷ் புரியல போல’ என்று தோன்றினால், தமிழ் பேசும் ஆயாவிடமாவது பேசுகிறாளா என்று விசாரியுங்கள்.

பிடிவாதமா?

1877-ல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதை, வேண்டுமென்றே பேசாமல் இருப்பது என்ற பொருள்படும் பெயரில் குறிப்பிட்டார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது 2013-ல்தான். நம்மூர் விசேஷ வீடுகளில் இன்னும் 1877-தான் ஓடுகிறது: ‘திமிரு’, ‘அம்மா செல்லம்’, ‘வாய்ல என்ன கொழுக்கட்டையா?’

உண்மையில் குழந்தைக்குப் பேச ஆசை இருக்கும். ஆனால் பயத்தில் உடம்பு விறைத்து, தொண்டை அடைத்துக்கொள்ளும். சிலருக்குத் தலையாட்டக்கூட வராது. பாத்ரூம் போகணும் என்று கேட்க முடியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். கீழே விழுந்து அடிபட்டாலும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அதனால், ‘படிப்புல நல்லாதானே இருக்கா’ என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

என்ன செய்யலாம்?

‘ஒரே ஒரு தடவை சொல்லு, சாக்லேட் தரேன்’ என்பதும் அழுத்தம்தான். அதற்கு நேரெதிரான தவறு, குழந்தைக்காக நாமே பதில் சொல்வது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெயர் கேட்கிறார், அம்மா சட்டென்று சொல்லிவிடுகிறார். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று குழந்தையின் பயம் பழகிக்கொள்கிறது.

கேட்டுவிட்டு ஐந்து நொடி காத்திருங்கள். முகத்தையே உற்றுப் பார்க்க வேண்டாம். ‘சாப்ட்டியா?’ என்றால் தலையாட்டலோடு முடிந்துவிடும், ‘இட்லியா, தோசையா?’ என்று கேட்டால் ஒரு வார்த்தைக்கு வாய்ப்பு இருக்கிறது.

பள்ளியிலும் இப்படித்தான், படிப்படியாக. வகுப்பு முடிந்தபின் காலி அறையில் அம்மாவும் குழந்தையும் விளையாடுகிறார்கள். மிஸ் முதலில் வராந்தாவில் நடமாடுகிறார். இன்னொரு நாள் வாசலில் நிற்கிறார். பிறகு உள்ளே வந்து நோட்டு திருத்துகிறார், கடைசியில் விளையாட்டில் சேர்கிறார். அம்மா மெல்ல விலகுகிறார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை பாத்ரூம் போக ஒரு கார்டு கொடுக்கலாம். ரைம்ஸ் டெஸ்ட்டுக்கு வீட்டில் எடுத்த வீடியோ போதும் என்று பள்ளியிடம் கேட்கலாம்.

காது கேட்கும் திறனையும் பேச்சு வளர்ச்சியையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம்.

வகுப்பில் முதல் வார்த்தை வரும் நாளில்தான் பலர் சொதப்புகிறார்கள். ‘ஏய், பேசிட்டா!’ என்று கைதட்டினால், எல்லாக் கண்களும் தன் மேல் திரும்பியதைப் பார்த்துக் குழந்தை மறுபடி உறைந்துவிடலாம். ‘எந்த க்ரேயான் வேணும்?’ என்றதற்கு ‘சிவப்பு’ என்று மெல்லிய குரல் வந்தால், சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மிஸ் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடலாம்.