கை தட்டாதீங்க, தம்பி!

சுங்கை பூலோவுக்கு நாங்கள் முதல்முறை போனது வீண்பயணம் என்றுதான் நினைத்தேன். நவம்பர் மாதப் பள்ளி விடுமுறை. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளைப் பார்க்கலாம் என்று படித்துவிட்டு, எட்டு வயது மகனை அதிகாலையிலேயே எழுப்பிக் கூட்டிப்போனேன். பாலத்துக்குக் கீழே ஒரு முதலை அசையாமல் மிதந்தது. நடைபாதையின் குறுக்கே உடும்பு ஒன்று சாவகாசமாக நடந்துபோனது. அவனுக்கு அதுவே போதும். குளங்களில்தான் பறவைகளைக் காணோம்.

மாதத்தைப் பார்த்த நான், கடல் ஏறும் நேரத்தைப் பார்க்கத் தவறியிருந்தேன். கடல் வற்றியிருக்கும்போது கரைப்பறவைகள் மண்டாய் பக்கத்துச் சேற்றுவெளியில் புழு, நத்தை, சிறு நண்டு என்று மேய்ந்துகொண்டிருக்கும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கிய பிறகு நிற்க இடமில்லை. ஓய்வெடுக்க சுங்கை பூலோ குளங்களுக்கு வரும். இவை ஒருகாலத்தில் இறால் வளர்த்த குளங்கள். இன்றும் மதகுகளைத் திறந்து மூடி, பறவைகள் நிற்பதற்கேற்ற அளவில் தண்ணீரை வைத்திருக்கிறார்கள்.

மறுவாரம் கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போனோம். மறைவிடத்தின் பலகை இடுக்கு வழியே பார்த்தால், குளம் நிறையப் பறவைகள்! சிவந்த கால்களுடன் பவளக்காலிகள், பொன்புள்ளி தெளித்த உப்புக்கொத்திகள், அலகு கீழ்நோக்கி வளைந்த விம்பிரல்கள். பாதிக்குமேல் ஒற்றைக்காலில் தூங்கின.

பறந்தால் இன்னும் அழகாக இருக்கும் என்று என் மகன் நினைத்திருக்க வேண்டும். ‘பட்’டென்று கைதட்டினான். குளமே எழுந்தது. நானும் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்தில் தொலைநோக்கியுடன் நின்றிருந்த பெரியவர் கோபப்படவில்லை. “கை தட்டாதீங்க, தம்பி. அதுங்க தூரதேசம் போறதுக்குக் கொழுப்பு சேர்த்துவைக்குது. சும்மா பறந்தா அது கரைஞ்சிடும்ல?” என்றார். அவன் முகம் சுருங்கியது. எனக்கும்தான்.

அவர் சொன்னது சின்ன விஷயமல்ல. இந்த உப்புக்கொத்திகள் முட்டையிடுவது சைபீரியாவிலும் அலாஸ்காவிலும். நெடும்பயணத்துக்குமுன் சில கரைப்பறவைகள் தம் எடையைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிக்கொள்கின்றன. சிங்கப்பூரில் குளிர்காலத்தைக் கழித்த பவளக்காலிகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அவை இமயமலையைத் தாண்டி திபெத்தியப் பீடபூமிக்குப் போவது தெரியவந்தது. கையளவுப் பறவை!

மேய ஓரிடம், ஓய்வெடுக்க ஓரிடம். இரண்டில் ஒன்று போனாலும் இவற்றுக்கு இங்கே வேலையில்லை. நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கணக்குப் பார்க்கும் நம் ஊரில் இரண்டுமே மிஞ்சியிருப்பது எனக்கு வியப்புதான். 1986ல் இயற்கை ஆர்வலர்கள் இங்கே பறவைகள் கூடுவதைக் கண்டு, காப்பாற்றக் கோரிக்கை வைத்தார்கள். 1989ல் 87 ஹெக்டேர் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1993ல் பூங்கா திறக்கப்பட்டது. 2002ல் 130 ஹெக்டேரில் சட்டப் பாதுகாப்பு பெற்ற இயற்கை வனப்பகுதியானது. மண்டாய் சேற்றுவெளிக்கு மட்டும் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சதுப்புநிலக் காட்டோடு சேர்த்து 72.8 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாகும் என்ற அறிவிப்பு அந்த ஆண்டுதான் வந்தது.

எல்லாமே விருந்தாளிகளும் அல்ல. சாம்பல் நாரைகள் இங்கேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வலசைக் காலம் முடிந்த பிறகும் அவற்றைப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மார்ச் மாதம் மீண்டும் போனோம். இம்முறை நேரம் பார்த்தவன் அவன்தான். மறைவிடத்துக்குள் நுழையும்போதே இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். உப்புக்கொத்திகள் சிலவற்றின் வயிறு கறுக்கத் தொடங்கியிருந்தது. இனப்பெருக்கக் காலத்துக்கான உடை அது. வெகுநேரம் பார்த்தவன், என் காதருகே வந்து முணுமுணுத்தான்:

“அம்மா, அந்த மூணாவது ஆளு ரெடியாயிட்டாரு.”