தடை எந்த வலைக்கு?

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) அறுவை சிகிச்சை வலை பற்றி 2019 ஏப்ரல் 16 அன்று போட்ட உத்தரவு, நம் ஊர் தேர்தல் செய்திகளுக்கு நடுவே நாலு வரியாகச் சுருங்கிவிட்டது. மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டது. ‘உடம்புக்குள் வலை வைத்தவர்கள் பத்து நாளுக்குள் எடுத்துவிட வேண்டுமாம்’ என்கிற அளவுக்குச் சேதி உருமாறி, வாசகர் கடிதங்களாக நம் மேசைக்கு வந்திருக்கிறது. குடலிறக்கத்துக்கு வலை வைத்துக்கொண்ட ஆண்கள்கூட எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பத்து நாள். அது நோயாளிக்கு வைத்த கெடு அல்ல, கம்பெனிக்கு வைத்தது. பாஸ்டன் சயன்டிஃபிக், கோலோபிளாஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்களும், பாதுகாப்பு நிரூபிக்கப்படாத குறிப்பிட்ட மூன்று தயாரிப்புகளின் விற்பனையை உடனே நிறுத்த வேண்டும். கடைச் சரக்கை எப்படித் திரும்பப் பெறப்போகிறோம் என்ற திட்டத்தைப் பத்து நாளில் எழுதித் தர வேண்டும் என்பதே உத்தரவு. அந்த மாதம் 26-ம் தேதியோடு அந்தக் கெடு முடிந்தது. யார் உடம்பிலிருந்தும் எதையும் எடுக்கச் சொல்லி உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

எந்த வலை?

இறங்கிய கருப்பையையோ சிறுநீர்ப்பையையோ தாங்கிப் பிடிக்க, பெண்ணுறுப்பின் வழியாக உள்ளே வைக்கும் வலை மட்டும். மலக்குடல் பக்கம் பிதுங்குவதைச் சரிசெய்ய இதே வழியில் வைக்கப்பட்ட வலைகளைக் கம்பெனிகள் முன்பே சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டன. வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பி மூலமோ வைக்கும் வலைக்கு இந்தத் தடை பொருந்தாது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிபவர்களுக்கு வைக்கும் ‘ஸ்லிங்’ என்ற மெல்லிய பட்டைக்கும் பொருந்தாது. குடலிறக்க வலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடிதம் எழுதிய ஆண்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்றால், இத்தனை வருடம் எப்படி விற்றார்கள்?

வந்த கேள்விகளில் உண்மையாகவே கேட்கத் தகுந்தது இதுதான். பதிலும் கொஞ்சம் நீளம்.

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் 1976-ல் வந்தது. ஆபத்து அதிகமுள்ள கருவி என்றால், மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த ஆதாரத்தோடு வர வேண்டும். ஆனால் பெரும்பாலான கருவிகள் இந்த வாசல் வழியாக வருவதில்லை. 510(கே) என்று இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்வி: ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஏதாவது ஒரு கருவியைப் போல இது இருக்கிறதா? இருக்கிறது என்று காகிதத்தில் காட்டினால் போதும். அலுவலக பாஷையில் இதற்குக் ‘கணிசமான ஒப்புமை’ என்று பெயர். நம் பாஷையில் சொன்னால், அண்ணன் படிக்கும் பள்ளியில் தம்பிக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல் இடம் கொடுப்பது.

அண்ணனும் தேர்வு எழுதாமல் சேர்ந்தவனாக இருந்தால்? அதற்கும் தடை இல்லை. கோளாறே அங்குதான்.

1996-ல் புரோட்டிஜென் என்ற ஸ்லிங் இந்த வாசல் வழியாக உள்ளே வந்தது. பாலியெஸ்டர் நெசவு, அதன்மேல் மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் பூச்சு. சிறுநீர்க் கசிவுக்காக வைக்கப்பட்டது. 1998 ஜனவரியில் எத்திகான் நிறுவனம் தன் ஸ்லிங்குக்கு அனுமதி கேட்டபோது, புரோட்டிஜெனைத்தான் முன்னுதாரணமாகக் காட்டியது. எத்திகானுடையது பாலிபுரொபிலீன் பட்டை. இழை வேறு, பூச்சு கிடையாது. ஆனாலும் ‘ஒப்புமை’ இருக்கிறது என்று அனுமதி கிடைத்தது. ஒரே வருடத்தில், 1999 ஜனவரியில், புரோட்டிஜென் திரும்பப் பெறப்பட்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமான பெண்களுக்கு அது சதையை அரித்துக்கொண்டு வெளியே வந்ததுதான் காரணம்.

அண்ணனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தம்பியின் இடம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. முன்னுதாரணமே தோற்றுப்போனாலும் அதைக் காட்டி வாங்கிய அனுமதி செல்லும். அந்தத் தம்பியைக் காட்டி அடுத்தவன் வரலாம், அவனைக் காட்டி அதற்கடுத்தவன். எத்திகானின் ஸ்லிங் பின்னாளில் பல ஆய்வுகளில் தேறியது உண்மை. ஆனால் அனுமதி கிடைத்தது அதற்காக அல்ல.

கார்ல் ஹெனிகன் தலைமையிலான ஆக்ஸ்ஃபோர்டு குழு 2017-ல் இந்த வம்சாவளியைத் தோண்டி எடுத்து ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வெளியிட்டது. உறுப்பு இறக்கத்துக்கான 61 வலைக் கருவிகளின் அனுமதியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் இரண்டே இரண்டு மூதாதையரிடம் போய் நிற்கிறது. ஒன்று 1985-ல் அனுமதி பெற்ற மெர்சிலீன் வலை, மற்றது இந்தப் புரோட்டிஜென். அனுமதி வழங்கும் நேரத்தில் மனிதர்களிடம் நடத்திய சோதனை எதுவும் குழுவின் கண்ணில் படவில்லை. கருவி சந்தைக்கு வந்து, முறையான முதல் ஒப்பீட்டு ஆய்வு வெளியாவதற்கு நடுவில் இடைநிலைக் கணக்கில் ஐந்து வருடம் ஓடியிருக்கிறது. அந்த ஐந்து வருடமும் சோதனை நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அறுவை சிகிச்சைக் கூடங்களில் நடந்தது, கட்டணம் செலுத்திய பெண்களிடம்.

இதையும் தாண்டி ஒரு கதை உண்டு. இறக்கத்துக்கான ‘புரோலிஃப்ட்’ என்ற வலையை எத்திகான் 2005-ல் விண்ணப்பமே போடாமல் விற்க ஆரம்பித்தது. எங்களுடைய பழைய வலையைப் போன்றதுதான், தனி அனுமதி தேவையில்லை என்று கம்பெனி தானே முடிவு செய்துகொண்டது. 2007-ல் அடுத்த வலைக்கு விண்ணப்பித்தபோது முன்னுதாரணமாகப் புரோலிஃப்ட்டைக் காட்டப்போய்த்தான், அப்படி ஒன்று விற்பனையில் இருப்பதே எஃப்.டி.ஏ.வுக்குத் தெரியவந்தது. தண்டனை? 2008-ல் அனுமதி கொடுத்தார்கள்.

510(கே) அனுமதி என்பது பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. இது என் குற்றச்சாட்டு அல்ல. புரோட்டிஜென் உள்ளே வந்த அதே 1996-ல், வேறொரு கருவி பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த வாசல் ஒப்புமையைப் பார்க்கிறதே தவிர, பாதுகாப்பைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டது. முழுப் பரிசீலனைக்குச் சராசரியாக 1,200 மணி நேரம், 510(கே)-வுக்கு 20 மணி நேரம் என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் மருத்துவரின் மேசையில் கிடக்கும் வண்ண மடிப்பிதழைப் பார்க்கும் நோயாளிக்கு, எந்த வாசல் வழியாக வந்தது என்று யார் சொல்வார்கள்?

ஐரோப்பா ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்துத் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் யெட் ஸ்கௌட்டன், ஆரஞ்சுப் பழம் கட்டி விற்கும் வலைப்பையை எடுத்து, இதே இறக்கத்துக்கான வலை என்று ஆவணங்கள் தயாரித்துச் சான்றளிக்கும் அமைப்புகளிடம் போனார். சான்று கிடைப்பதில் பெரிய சிக்கல் இருக்காது என்று மூன்று அமைப்புகள் சொல்லியிருக்கின்றன. 2018 நவம்பரில் வெளியான ‘இம்ப்ளான்ட் ஃபைல்ஸ்’ சர்வதேசப் புலனாய்வுக்கு விதை போட்டது அந்த வலைப்பைதான்.

எஃப்.டி.ஏ. எச்சரிக்கவே இல்லையா?

எச்சரித்தது, அதன் வேகத்தில். இறக்கத்துக்கென்றே முதல் வலைக்கு அனுமதி கிடைத்தது 2002-ல். 2008 அக்டோபரில், மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்துள்ளன, ஆனால் பாதிப்பு ‘அரிது’ என்றார்கள். 2011 ஜூலையில் ‘அரிது அல்ல’ என்று திருத்தினார்கள். மூன்று வருடத்தில் பெண்களின் உடம்பு மாறிவிடவில்லை, எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். 2012-ல் ‘522 ஆணை’ பிறப்பித்தார்கள். விற்றுக்கொண்டே, பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்குப் பெயர் 522. பெரும்பாலான கம்பெனிகள் ஆய்வு நடத்துவதைவிடக் கடையைக் கட்டுவது மேல் என்று விலகிக்கொண்டன. 2016-ல்தான் இந்த வலைகளை அதிக ஆபத்துள்ள மூன்றாம் வகுப்புக்கு மாற்றி, முழு ஆதாரத்தோடு வாருங்கள் என்றார்கள். 2019 பிப்ரவரி 12 அன்று கூடிய நிபுணர் குழு, வலை இல்லாமல் சொந்தத் திசுவை வைத்தே தைக்கும் பழைய முறையைவிட, 36 மாதம் கழித்துப் பார்த்தாலும் வலை மேலானது என்று காட்ட வேண்டும் என்றது. மிச்சமிருந்த இரண்டு கம்பெனிகளால் அதைக் காட்ட முடியவில்லை. அந்த இரண்டில் ஒன்று பாஸ்டன் சயன்டிஃபிக். 1996-ல் புரோட்டிஜெனைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான்.

மருத்துவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சொந்தத் திசுவில் போட்ட தையல் சிலருக்கு மறுபடி தளர்ந்து, இறக்கம் திரும்ப வரும். அந்தத் தொல்லைக்கு விடிவு என்றுதான் பலர் வலையை எடுத்தார்கள். குறை, அந்த ஆசைக்கு விலை போட்டு விற்றவர்களிடமும், பார்க்காமல் முத்திரை குத்தியவர்களிடமும்.

உள்ளே இருக்கும் வலை ஸ்கேனில் தெரியுமா?

எந்த ஸ்கேன் என்பதைப் பொறுத்தது. ‘சி.டி. எடுத்தேன், நார்மல் என்றார்கள், ஆனால் வலி போகவில்லை’ என்ற ரகத்தில் வந்த கடிதங்களுக்கு இதுதான் பதில். பாலிபுரொபிலீன் இழை எக்ஸ்-ரேயிலும் சி.டி.யிலும் தென்படாது. எம்.ஆர்.ஐ.யில் சுற்றியுள்ள சீழ், வீக்கம் தெரியும், வலை சரியாகப் பிடிபடாது. கோடிக்கணக்கில் விலையுள்ள பெரிய இயந்திரங்கள் கோட்டைவிடும் இடத்தில், சாதாரண அல்ட்ராசவுண்ட் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வயிற்றின் மேல் வைத்து எடுப்பது உதவாது. கர்ப்பிணிகளுக்குப் பயன்படுத்தும் அதே வளைந்த புரோபுக்கு உறை போட்டு, ஜெல் தடவி, பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். திரையில் சிறுநீர்ப்பை கறுப்பாகவும் வலை பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும் தெரியும். ‘முக்குங்கள்’ என்பார் மருத்துவர். முக்கும்போது சிறுநீர்ப்பையோடு சேர்ந்து வலையும் இறங்குகிறதா, ஒரு முனை கழன்றிருக்கிறதா, மடிந்து சுருண்டு கிடக்கிறதா என்று அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம். சிட்னிப் பேராசிரியர் ஹான்ஸ் பீட்டர் டியட்ஸ் இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். இயந்திரம் நம் ஊர் ஸ்கேன் மையங்களிலும் இருக்கிறது. இடுப்புத்தளத்தை இப்படிப் பார்க்கப் பயின்றவரைத்தான் தேட வேண்டும். எனவே சாதாரண வயிற்று ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்தால், வலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வலையை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மற்ற கேள்விகள்

*எந்தத் தொந்தரவும் இல்லை, எடுத்துவிடலாமா?* வேண்டாம், வழக்கமான பரிசோதனை போதும்.

*எதைக் கவனிக்க வேண்டும்?* நிற்காத ரத்தக்கசிவு, வெள்ளைப்பாடு, இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வலி, தாம்பத்தியத்தில் வலி. கணவருக்குக் குத்துவதுபோல் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

*எடுக்க நினைத்தால் முழுதாக எடுக்க முடியுமா?* எப்போதும் முடியாது. கண்ணிகளுக்குள் சதை வளர்ந்துவிடும், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சை ஆகும்.

*மலம் கழிக்கச் சிரமம் உள்ளவர்களுக்கு பேரியம் பசையை உள்ளே செலுத்தி எடுக்கும் சோதனை வலையைப் பார்க்கத்தானா?* இல்லை. அது குடல் எங்கே பிதுங்குகிறது என்று பார்க்க, வலையைப் பார்க்க அல்ல.

*வேறு நாடுகள்?* ஆஸ்திரேலியா 2017 நவம்பரில் இவ்வகை வலைகளை நீக்க முடிவெடுத்தது. இங்கிலாந்து 2018 ஜூலையில் ஸ்லிங்கையும் சேர்த்தே நிறுத்திவைத்தது, பரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் விசாரணையும் நடந்தது.

*வழக்கு?* அமெரிக்காவில் இடுப்புப் பகுதி வலைகள், ஸ்லிங்குகள் தொடர்பாக ஒரு லட்சத்துக்கும் மேல்.

*வலை இல்லாமல் வழி?* உண்டு. தசைப் பயிற்சி, பெஸரி வளையம், சொந்தத் திசுவில் தையல்.

*இங்கே?* எஃப்.டி.ஏ. உத்தரவு இந்தியாவில் செல்லாது. உடம்புக்குள் வைக்கும் எல்லாக் கருவிகளும் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்துக்குள் வரும் என்று மத்திய அரசு 2019 பிப்ரவரி 8 அன்று அறிவித்தது. கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவுசெய்ய 2015 ஜூலையிலிருந்து காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் ஒரு திட்டம் நடக்கிறது. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் புகார் தரலாம்.

*எனக்கு வைத்தது எந்தக் கம்பெனி வலை என்றே தெரியாதே?* வலை வரும் பெட்டிக்குள் பெயர், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘மெஷ் வைக்கப்பட்டது’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதி.