கொள்ளுத்தாத்தா பெயர் தெரியுமா? பழைய நிலப் பதிவேட்டில் தேடுவது எப்படி?

தாத்தா பெயர் தெரியும். அவரோட தாத்தா பெயர்? பலருக்கும் தெரியாது. ஆனா, காவிரி டெல்டாவில் அந்தப் பெயர் ஏதாவது ஓர் அரசுப் பதிவேட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. காரணம், நிலவரி. 1799-ல் தஞ்சாவூர் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் போனது. வரி வாங்கணும்னா, எந்த நிலம் யாருடையது என்று எழுதி வைத்தாக வேண்டுமே!

எங்கே தொடங்கலாம்?

முதலில் பட்டா. அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் கிராமம், புல எண் கொடுத்தால் போதும். உரிமையாளர் பெயரோடு அவரது தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். அதாவது, ஒரே தாளில் இரண்டு தலைமுறை.

அடுத்து, 'அ' பதிவேடு. 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யுடிஆர்) பல புல எண்கள் மாறின. பழைய எண் இந்தப் பதிவேட்டில் கிடைக்கும். அதை வைத்து, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளைத் தேடலாம்.

பத்திரத்தில் என்ன கிடைக்கும்?

வில்லங்கச் சான்று 1975 முதல் ஆன்லைனில் உண்டு. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் ஜாக்பாட்தான். அண்ணன் தம்பிகள் பெயர், சொத்து யார் வழியில் வந்தது என எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு விஷயம் கவனம். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும்தான் தனி மாவட்டமாயின. பழைய ஆவணங்களில் இந்த ஊர்கள் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம்தான்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்?

இங்கேதான் சிக்கல். நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், களத்தில் நெல் அடித்தவர்கள் பெயர் பட்டாவில் வராது. பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் தஞ்சையில் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய 1969-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது 1971-ம் ஆண்டுச் சட்டம். பல குடும்பங்களுக்கு அந்த மனைப் பட்டாதான் முதல் நில ஆவணம்.

பெண்கள் நிலைமையும் இதேதான். மனைவி பெயராவது சில இடங்களில் வரும். மகள்கள் பெயர் அபூர்வம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் சட்டமானதே 1989-ல்தான்.

இப்போதே என்ன செய்யலாம்?

வீட்டில் பழைய கிஸ்தி ரசீது இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். வயலை ஊரில் எந்தப் பெயரில் சொல்வார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். குடும்பத்துக்கு நிலமே இல்லையென்றால், யார் பண்ணையில் வேலை, எந்தத் தெருவில் வீடு, அப்பாயி, அம்மாச்சி பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தகவல் எந்த அலுவலகத்திலும் இருக்காது. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.